தலைக்கு மட்டும்தானா அனுபவம்?

காவல்துறை பற்றி நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினர் என்ன கேள்வி எழுப்பினாலும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் எழுத்துமூலப் பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்துடன்தான் தொடங்கும். காவல்துறையும் பொது ஒழுங்கும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநில அரசுகளின் பொறுப்பு என்பதே அந்த வாக்கியம். பதில்களைப் படித்துப் பழகிப்போன செய்தியாளர்கள் அதைத் தாண்டி இரண்டாவது பத்தியிலிருந்தே படிக்கத் தொடங்குவது வழக்கம்.

தில்லி மாநகரக் காவல்துறை பற்றிய கேள்விகளில் மட்டும் அமைச்சகத்துக்கு அந்தக் கேடயம் கைகொடுப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவு, காவல்துறையை தில்லி சட்டப்பேரவையின் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்துள்ளது. துணைநிலை ஆளுநர் வழியாக உள்துறை அமைச்சகமே அதை நிர்வகிக்கிறது. எனவே, தலைநகரின் காவல் பணிக்கு யாரைத் தேர்வு செய்கிறீர்கள், எப்படித் தேர்வு செய்கிறீர்கள் என்று கேட்டுப் பதில் பெறக்கூடிய அவை நாடாளுமன்றம் ஒன்றுதான்.

உறுப்பினர்கள் கேட்காமல் இல்லை. எத்தனை காலியிடங்கள், எப்போது நிரப்பப்படும் என்று கேட்கிறார்கள். காலியிடங்களை நிரப்புவது தொடர்ச்சியான நடைமுறை என்று அமைச்சர் பதிலளிக்கிறார். கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. நிரப்பப்படும் இடங்களில் வந்து அமர்கிறவர்களுக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருக்கிறது என்ற கேள்வி அவையில் எழுவது மிக அரிது.

அனுபவம் என்ற சொல்லுக்கு மத்திய அரசு எவ்வளவு மதிப்பளிக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021 ஜூலை 31-ல் ஓய்வு பெறவிருந்த குஜராத் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி ராகேஷ் அஸ்தானா, அதற்கு நான்கு நாள்கள் முன்னதாக ஓராண்டுப் பணி நீட்டிப்புடன் தில்லி காவல் ஆணையராக நியமிக்கப்பட்டார். தில்லி சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது மத்திய அரசு கூறிய விளக்கம் கவனிக்கத்தக்கது. சர்வதேசத் தாக்கமுள்ள சட்டம்-ஒழுங்குச் சவால்களைத் தில்லி எதிர்கொள்கிறது. பெரிய மாநிலத்தின் காவல்துறையிலும் மத்தியப் புலனாய்வு அமைப்புகளிலும் பணியாற்றிய அனுபவம் ஆணையருக்குத் தேவை. அருணாசலப் பிரதேசம், கோவா, மிஸோரம் மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான ஐ.பி.எஸ். பிரிவில் அப்போது இருந்தவர்களிடம் அந்த அனுபவம் போதுமானதாக இல்லை என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு அக்டோபர் 12-ல் உயர் நீதிமன்றம் நியமனத்தை உறுதி செய்தது.

இது முதல் முறையும் அல்ல, கடைசி முறையும் அல்ல. 1999-ல் உத்தரப் பிரதேசப் பிரிவைச் சேர்ந்த அஜய்ராஜ் சர்மா தில்லி ஆணையரானார். ஹன்ஸி குரோனியே சிக்கிய கிரிக்கெட் சூதாட்ட விவகாரம் வெளியானதும், நாடாளுமன்றத் தாக்குதல் நடந்ததும் அவரது காலத்தில்தான். அஸ்தானாவுக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் பொறுப்பேற்ற சஞ்சய் அரோரா தமிழகப் பிரிவைச் சேர்ந்தவர். வீரப்பன் தேடுதல் வேட்டையில் ஈடுபட்டவர். கோவை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர். 2025 ஆகஸ்டில் நியமிக்கப்பட்ட சதீஷ் கோல்ச்சா யூனியன் பிரதேசப் பிரிவு அதிகாரி என்பதால், இடையில் நின்றுபோன பழைய வழக்கம் திரும்பியது.

வெளி மாநில அதிகாரியை ஆணையராக்கியதில் அரசியல் உள்நோக்கம் உண்டு என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. அது இருக்கட்டும். பெருநகரக் காவலுக்குப் பல இடங்களில் பட்டுத் தேறிய அனுபவம் தேவை என்ற வாதத்தை மறுக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வாதம் ஏன் ஆணையரின் அறையோடு நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

திருட்டுப் போனாலும், மகளைக் காணவில்லை என்றாலும், வங்கிக் கணக்கு ஒரே இரவில் காலியானாலும் தில்லிவாசி ஆணையரைச் சந்திப்பதில்லை. காவல் நிலையத்தில் இருக்கும் உதவி ஆய்வாளரைத்தான் சந்திக்கிறார். அந்த உதவி ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் பதவி உயர்வில் வந்தவர்கள். மற்றவர்கள் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் போட்டித் தேர்வில் 20 முதல் 25 வயதுக்குள் தேறியவர்கள். பயிற்சி முடித்து வெளியே வரும் இளைஞரின் மேசையில் சில மாதங்களிலேயே வழக்குக் கோப்புகள் குவிகின்றன. பகலில் நீதிமன்றம், மாலையில் ஆர்ப்பாட்டத்துக்குப் பந்தோபஸ்து, இரவில் ரோந்து; எஞ்சிய நேரத்தில் புலனாய்வு. பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்தவருக்கும் அதே நிலைதான்.

இதன் விளைவை நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு தில்லியில் நடந்த கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். 750-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. அவற்றில் ஒரு வழக்கில் 2021 செப்டம்பரில் மூவரை விடுவித்த கூடுதல் அமர்வு நீதிபதி, நவீன அறிவியல் முறைகளைப் பயன்படுத்தி முறையாகப் புலனாய்வு செய்யத் தவறியதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தத் தவறுக்கு அனுபவக் குறைவு மட்டுமே காரணம் என்று வாதிட நான் வரவில்லை. அழுத்தங்கள் குறித்த சந்தேகம் தனி விவாதத்துக்குரியது. ஆனால், கடை இழந்தவருக்கும் வீடு இழந்தவருக்கும் நீதி கிடைக்கவில்லை என்பதோடு, உண்மைக் குற்றவாளி யார் என்பதும் தெரியாமலேயே போயிற்று.

சட்டமும் இப்போது புலனாய்வாளரிடம் கூடுதலாகக் கேட்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும். இதை நடைமுறைப்படுத்த அரசுகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. நிபுணர் வரும்வரை அந்த இடத்தைக் கலையாமல் காக்கத் தெரிந்த அதிகாரி அங்கே இருக்க வேண்டுமே!

இணையக் குற்றங்களில் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை ஆய்வாளர் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். ஆய்வாளர்களைத் தேர்வு நடத்தி நேரடியாக எடுப்பதில்லை. உதவி ஆய்வாளர் பல ஆண்டுகள் காத்திருந்தே அந்தப் பதவியை அடைகிறார். தில்லியில் 2021 இறுதியில் மாவட்டத்துக்கு ஒன்றாக சைபர் காவல் நிலையங்கள் தொடங்கப்பட்டன. கட்டடமும் கணினியும் சில மாதங்களில் வந்துவிடும். பத்தாண்டு அனுபவமுள்ள ஆய்வாளர் பத்தாண்டுகளில்தான் வருவார். 'தில்லி போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்' என்ற மிரட்டல் அழைப்புகளில் சேமிப்பை இழந்த முதியவர்கள் தமிழகத்திலும் இருக்கிறார்கள் என்பதால் இது தில்லிவாசிகளின் கவலை மட்டுமல்ல. ஜார்க்கண்டின் ஜாம்தாராவிலோ ஹரியாணாவின் மேவாத்திலோ இத்தகைய கும்பல்களைத் தேடிப் பிடித்த ஓர் உள்ளூர் ஆய்வாளரின் அனுபவம், தில்லியில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஐந்து பேருக்குச் சமம்.

அப்படிப்பட்டவரைத் தில்லிக்கு அழைத்துக்கொள்ள விதி இல்லையா? இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1980-ம் ஆண்டின் தில்லி காவல்துறைப் பொதுப் பணி நிபந்தனை விதிகளில் 5(எச்) என்ற விதி, பிற மாநிலக் காவல்துறையினரையும் மத்தியப் படையினரையும் டெபுடேஷன் எனப்படும் அயற்பணியில் எடுக்கவும், நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளவும் ஆணையருக்கு வழி செய்கிறது. அந்த வழியில் வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ரூப்லால் வழக்கு சொல்கிறது.

எல்லைப் பாதுகாப்புப் படையில் உதவி ஆய்வாளர்களாக இருந்தவர்கள் தில்லி காவல்துறைக்கு அயற்பணியில் வந்து, பின்னர் நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பணிமூப்புப் பட்டியல் தயாரிக்கும்போது, பழைய படையில் அவர்கள் உதவி ஆய்வாளராகச் செய்த பணி கணக்கில் கொள்ளப்படவில்லை. அங்கே ஊதிய விகிதம் குறைவு, எனவே இரண்டும் சமமான பதவி அல்ல என்று நிர்வாகம் வாதிட்டது. நிர்வாகத் தீர்ப்பாயம் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் 1999 டிசம்பரில் அந்த வாதத்தை நிராகரித்தது. பணியின் தன்மை, பொறுப்பு, தகுதி ஆகியவற்றைக் கொண்டே பதவிகளின் சமநிலையை முடிவு செய்ய வேண்டும், ஊதிய வேறுபாடு மட்டும் அளவுகோல் ஆகாது என்று கூறி, முந்தைய பணியையும் சேர்த்துப் பணிமூப்பு வழங்க உத்தரவிட்டது.

அனுபவம் வேண்டும் என்று அழைத்துவந்து, வந்த பிறகு அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க மறுத்தால் யார் வருவார்கள்? போதாக்குறைக்கு, அயற்பணியில் வந்தவர் தன்னை நிரந்தரமாக்கும்படி உரிமையுடன் கோர முடியாது என்று 2000-ல் குணால் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலிருந்து சிபிஐ-க்கு வந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆனால், குடும்பத்தையும் குழந்தைகளின் பள்ளியையும் மாற்றிக்கொண்டு வரும் ஆய்வாளருக்கு, என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பி அனுப்பப்படலாம் என்ற நிலை கசக்கத்தான் செய்யும்.

மாநிலங்களின் தரப்பும் உண்டு. செலவழித்துப் பயிற்சி அளித்து, பத்தாண்டு வேலை வாங்கி உருவாக்கிய நல்ல புலனாய்வாளரை எந்த மாநிலம் தில்லிக்குத் தாரை வார்க்கும்? அயற்பணியாளர்களையே பெரிதும் நம்பியிருக்கும் சிபிஐ-யின் அனுபவம் கண்முன் உள்ளது. மாநிலங்களிலிருந்து தகுதியானவர்கள் போதிய அளவில் வராததைச் சுட்டிக்காட்டிய பணியாளர், சட்டம், நீதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, சிபிஐ தானே ஆள் தேர்வு செய்யும் முறை வேண்டும் என்று 2025 மார்ச்சில் பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் தலைவர் பிரிஜ் லால், உத்தரப் பிரதேசக் காவல்துறையின் முன்னாள் தலைமை இயக்குநர் என்பதால், அனுபவத்தில் இருந்து வந்த பரிந்துரை என்றே கொள்ளலாம்.

வேறு குறுக்குவழிகளும் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 2023-ல் மும்பை மாநகரக் காவல்துறைக்கு, மகாராஷ்டிர மாநிலப் பாதுகாப்புக் கழகத்திலிருந்து 3,000 பேரை ஒப்பந்த அடிப்படையில் எடுக்க மாநில அரசு அனுமதித்தது. எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. காவல் காக்க அவர்கள் பயன்படலாம். வழக்கைப் புலனாய்வு செய்யப் பயன்பட மாட்டார்கள். அதேபோல, மத்திய அரசின் உயர் பதவிகள் 45-க்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க 2024 ஆகஸ்டில் வெளியான விளம்பரம், இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் மூன்றே நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. காவல்துறையில் அனுபவசாலிகளை எடுக்கும் எந்தத் திட்டமும் இடஒதுக்கீட்டைப் புறக்கணித்தால் அதே கதிதான் ஏற்படும், ஏற்படவும் வேண்டும்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் மேலானவர்கள் என்ற மயக்கமும் கூடாது. உள்ளூர்த் தொடர்பு இல்லாதவர்கள் என்பதாலேயே நம்பி திகார் சிறைக் காவலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் நிறுத்தப்பட்டிருந்தார்கள். 2023 மே மாதம் அவர்கள் கண்ணெதிரே ஒரு கைதி குத்திக் கொல்லப்பட்டதும், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் தமிழர்களுக்குத் தலைகுனிவாகவே இருந்தது. மேல்மட்டத்திலும் இதைக் காணலாம். அவசர அழைப்புக்குச் செல்லும் ரோந்து வாகனப் பிரிவை அஸ்தானா 2021 செப்டம்பரில் காவல் நிலையங்களுடன் இணைத்தார்; அடுத்து வந்த ஆணையர் காலத்தில் அது மீண்டும் தனிப் பிரிவானது. இரு ஆணையர்களும் வெளி மாநிலப் பிரிவினர், இருவருமே அனுபவசாலிகள். இடையில் அலைக்கழிந்தவர்கள் கீழ்நிலைக் காவலர்கள்.

அந்தக் கீழ்நிலைக் காவலர்களின் மனக்குறையை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய முடியாது. இருபது ஆண்டுகள் தெருத்தெருவாக அலைந்து, ஒவ்வொரு சந்தையையும் ஒவ்வொரு பழைய குற்றவாளியையும் அறிந்த தலைமைக் காவலரின் பதவி உயர்வு இடத்தில் வெளியாளை உட்கார வைத்தால், புதியவருக்கு அந்த நிலையத்தில் யாரும் தகவல் தர மாட்டார்கள். எனவே, அயற்பணி ஆய்வாளர்களுக்கென்று தனியாகப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். பதவி உயர்வுக்குரிய இடங்களில் கைவைக்கக் கூடாது. பொருளாதார, இணையக் குற்றங்களிலும் கொலை வழக்குகளிலும் தேர்ந்த புலனாய்வாளர்களுக்கு மட்டும், வெளிப்படையான அறிவிப்பு, குறிப்பிட்ட பணிக்காலம், பணிமூப்புக்கு எழுத்துமூல உத்தரவாதம், அனுப்பும் மாநிலத்துக்குப் பயிற்சிச் செலவில் ஈடு என்ற நிபந்தனைகளுடன் கதவைத் திறக்கலாம்.

வருகிறவர்களைப் பந்தோபஸ்துக்கு இழுக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் தொடங்கி, புலனாய்வையும் சட்டம்-ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரிக்குமாறு பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006 செப்டம்பரில். அதைத் தில்லியில் முழுமையாகச் செய்து காட்ட மத்திய அரசுக்கு எந்த மாநில முதல்வரின் சம்மதமும் தேவையில்லை.

2024-25 நிதிநிலை அறிக்கையில் தில்லி காவல்துறைக்கு ரூ.11 ஆயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இந்த ஒதுக்கீட்டை உள்துறைக்கான நிலைக்குழு ஆராய்கிறது. அடுத்த முறை அமைச்சக அதிகாரிகள் குழு முன் வரும்போது, காலியிடப் பட்டியலுடன் இன்னொரு பட்டியலையும் கேட்டு வாங்கலாம்: தில்லியில் எத்தனை புலனாய்வு அதிகாரிகள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் எத்தனை வழக்குகள், ஐந்தாண்டுக்கு மேல் புலனாய்வு அனுபவம் உள்ளவர் எத்தனை பேர், 5(எச்) விதியின் கீழ் கடந்த பத்தாண்டுகளில் வந்தவர் எத்தனை பேர், அவர்களில் திரும்பிப் போனவர் எத்தனை பேர். குழுவில் தமிழக உறுப்பினர்கள் இருந்தால் அவர்களே இதைத் தொடங்கி வைக்கலாம்.