களைக்கொத்துக்கு ஏது ரிடையர்மென்ட்?

போன சீசனில் ஒரே நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் ரிடையரான அரசு ஊழியர். "வீட்லயே உட்கார்ந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும் டாக்டர். செஞ்சியில ஒரு கடையில கணக்கு எழுதப் போறேன்" என்றார். பேஷாகப் போங்க என்றேன். மனசு கலகலப்பாக இருந்தால் பாதி நோய் தலைகாட்டாது.

அடுத்து வந்தவர் பனமலைப் பக்கத்து ஆயா. எழுபதைத் தாண்டிய உடம்பு. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன.

"மல்லாட்டைக்குக் களை வெட்டறேன் சாமி. குந்திக் குந்தி முட்டி போயிடுச்சி. நாளைக்கே வேலைக்குப் போறாப்பல ஒரு தைலம் குடு."

"ஒரு மாசம் ஓய்வா இருங்க ஆயா."

"ஓய்வா இருந்தா கஞ்சி யாரு ஊத்துவா?"

எனக்குச் சுருக்கென்றது. 'உழைத்தால் முதுமை அண்டாது' என்று எத்தனை முகாம்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்! அந்தப் பேச்சு கடையில் கணக்கு எழுதப் போகிறவருக்குச் சரி. இந்த ஆயாவிடம் அதைச் சொல்ல வாய் வருமா?

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. டீக்கடை டீக்கடையாக விவாதம் நடந்தது. களைக்கொத்து பிடிக்கிறவருக்கு வயது நிர்ணயிக்கத்தான் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அதை 1,200 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு 40 ரூபாய். அதில் அரிசி வாங்குவதா, மருந்து வாங்குவதா? இளவட்டங்கள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்விட, நான் பார்க்கிற வயல்களில் குந்தியிருப்பது பெரும்பாலும் பாட்டிகள்தான். நிலத்துக்காரருக்கும் வேறு ஆள் கிடைப்பதில்லை, பாவம்.

நூறு நாள் வேலை 2006-ல் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் எங்கள் விழுப்புரமும் ஒன்று. 18 வயது நிரம்பினால் போதும், மேல் வரம்பு கிடையாது. ஏரிக்கரையில் வயதான பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று சட்டமே சொன்னது. நல்ல விஷயம். ஆனால் வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி. இருபது வயசுக்காரியும் எழுபது வயசுக்காரியும் ஒரே அளவு மண் வெட்ட முடியுமா? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதிய சட்டம் வந்தது. நாள் கணக்கைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. வயசுக்கேற்ற வேலை அளவைப் பற்றியும் யாராவது பேசினால் தேவலை.

சித்த மருத்துவத்தில் நூறு வயதை மூன்றாகப் பிரிப்போம். முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு ஐயம். இருபதில் தாங்கிய வேலையை எழுபதில் அதே உடம்பு தாங்காது. ஆயாவுக்கு வந்திருப்பது அழல் கீல்வாயு. மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. தைலமும் நொச்சி இலை ஒற்றடமும் வலியைக் குறைக்கும். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது. அப்படி வளர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என் இனத்து வைத்தியரே சொன்னாலும்! வலி குறைந்ததும் மறுபடி போய்க் குந்தினால் தேய்மானம் கூடத்தான் செய்யும்.

வெயில் இன்னொரு சங்கதி. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உச்சி வெயிலுக்கு முன்பே கரையேறிவிட வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வர வேண்டும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

ஆயாவின் நிலத்துக்காரரும் என்னிடம் வருகிறவர்தான். "களைக்கு வேற ஆளைப் பாருங்க. ஆயாவுக்கு விதை மல்லாட்டை உடைக்கக் குடுங்களேன். நிழல்ல, மணைமேல உட்கார்ந்து செய்யட்டும்" என்று கேட்டுப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஆயா வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. "முட்டி தேவலை சாமி. கூலிதான் பாதியா போச்சி. நடவு வந்தா மறுபடி போயிடுவேன்" என்று சொல்லி, காலித் தைலப் பாட்டிலை நீட்டினார்.