பாங்கும் தாய்மொழிப் பற்றும்



"தமிழ் இசுலாமியருக்கு உண்மையான தமிழ்ப்பற்று இருந்தால், பாங்கை ஏன் இன்னும் அரபு மொழியிலேயே சொல்கிறார்கள்?" தமிழார்வலர் சிலர் எழுப்பும் வினா இது. மாணவர்களின் காதுபடவும் கேட்கிறார்கள். இவ்வினா தமிழ்ப்பற்றில் பிறந்ததன்று, அறியாமையில் பிறந்தது.

தாய்மொழியில்தான் பாங்கு சொல்ல வேண்டும் என்று ஓர் அரசே ஆணையிட்ட வரலாறு உண்டு. துருக்கி நாட்டில் 1932இல் பாங்கு துருக்கிய மொழிக்கு மாற்றப்பட்டது. 'அல்லா' என்னும் பெயர் இருந்த இடத்தில் 'தன்ரி' என்னும் துருக்கியச் சொல் அமர்ந்தது. 1933இல் புர்சா நகர மக்கள் எதிர்த்தனர். 1941இல், அரபு மொழியில் பாங்கு சொன்னால் சிறைத்தண்டனை என்று சட்டமே வந்தது. 1950 சூன் 16ஆம் நாள் அத்தடை நீங்கியது. துருக்கிய மொழிப் பாங்கை அன்று எவரும் தடைசெய்யவில்லை. எனினும், பள்ளிவாசல்கள் அரபுப் பாங்குக்கே திரும்பின. 18 ஆண்டுக்கால அதிகாரம் மக்கள் நெஞ்சை மாற்றவில்லை!

ஏன்? பாங்கு வெறும் நேர அறிவிப்பன்று. மதீனாவில் பிலால் அழைத்ததாக மரபு போற்றும் அச்சொற்களை, எந்த நாட்டு இசுலாமியரும் எந்த நாட்டிலும் கேட்டவுடன் அறிந்துகொள்கிறார். பிறந்த குழந்தையின் வலக்காதில் ஓதப்படுவதும் அதுவே.

அப்படியானால் தமிழ் எங்கே என்கிறீர்களா? 'அதான்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பாரசீக வழிவந்த 'பாங்கு' தமிழில் வேரூன்றியது. பாங்கு சொல்பவரை, அரபுச் சொல்லோடு நம் 'ஆர்' விகுதி சேர்த்து, 'மோதினார்' என்று மதிப்போடு அழைக்கிறார்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் அனைத்தும் தமிழ். நாம் கற்பிக்கும் பள்ளியும் அவர்கள் தொழும் பள்ளியும் ஒரே சொல்தானே! கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் சிங்கப்பூர் சூலியா பள்ளிவாசலிலும் பாங்கு அரபில் ஒலிக்கிறது. சொற்பொழிவு தமிழில் நிகழ்கிறது. அழைப்பு உலகுக்குப் பொது, விளக்கம் தாய்மொழியில். இதில் குறை எங்கே?

சிறுபான்மை மொழிக்காகப் போராடிவரும் நாமே, இன்ன மொழியில்தான் இறைவனை அழைக்க வேண்டும் என்று பிறருக்குக் கட்டளையிடலாமா?

நாளை ஒரு மாணவன் பாங்கைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். இறைவனின் பெருமையைச் சொல்லி, தொழுகைக்கும் வெற்றிக்கும் அழைக்கும் குரல் அது. வைகறையில் மட்டும், உறக்கத்தினும் தொழுகை மேலானது என்று கூடுதலாக நினைவூட்டும் குரல் அது என்று நல்ல தமிழில் விளக்குங்கள். தமிழாசிரியரின் தமிழ்ப்பற்றுக்கு அதுவே அழகு!

சிந்திப்போம்.