இரண்டு நிமிடக் குரலுக்குப் பின்னால்

பறவைகளைப் பற்றிய ‘பேர்ட்நோட்’ என்ற நிகழ்ச்சி 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வானொலியில் தொடங்கியது. பின்னர் பொட்காஸ்ட்டாக உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பகுதியும் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவானதே. ஒரு பறவையின் குரல் ஒலிக்கும், அதன் வாழ்வு குறித்து விஞ்ஞானம் கண்டறிந்த செய்தியொன்று சொல்லப்படும், அவ்வளவுதான். இத்தகைய நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளரின் குரலே நேயர்களின் மனதில் தங்குகிறது. என்னுடைய அக்கறையோ அக்குரலுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியது.

அந்த இரண்டு நிமிடங்களுக்காகப் பிரதியை ஒருவர் எழுதுகிறார். பறவையியல் அறிந்த இன்னொருவர் அதனைச் சரிபார்க்கிறார். பறவையின் குரலோ பெரும்பாலும் கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் மக்கோலே ஒலிக் களஞ்சியத்திலிருந்து பெறப்படுகிறது. அதனை எப்போதோ, எங்கோ ஒரு காட்டில், நுளம்புக்கடியைப் பொறுத்துக்கொண்டு எவரோ ஒருவர் பதிவுசெய்திருப்பார். பேர்ட்நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்றுண்டு. எழுத்து வடிவப் பிரதியின் அடியில், ஒலியைப் பதிவுசெய்தவரின் பெயரையும் குறிப்பிடுவார்கள். எமது பத்திரிகைகளில் புகைப்படக்காரரின் பெயரைப் போடுவதற்கே எத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது!

கோர்ணெல் களஞ்சியத்தின் வேர் 1929 இல் இருக்கிறது. அவ்வாண்டு ஆதர் அலன் என்ற பேராசிரியர், பேசும் திரைப்படத்துக்கான கருவிகளைக் கொண்டு இதாக்கா நகரில் காட்டுப் பறவைகளின் பாடலைப் பதிவுசெய்தார். 1935 இல் அவரும் பீற்றர் போல் கெலொக் உள்ளிட்ட சகாக்களும் லூசியானாவின் சதுப்புக் காட்டுக்குள் அந்தக் கனத்த கருவிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் கொண்டுசென்று, தந்தநிற அலகு கொண்ட மரங்கொத்தியின் குரலைப் பதிவுசெய்தனர். அந்தக் காடு பின்னர் மரத்துக்காக வெட்டப்பட்டது. 1944 க்குப் பின்னர் அப்பறவை அமெரிக்காவில் வாழ்கின்றது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சான்று கிடைக்கவில்லை. குரல் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்றவர்களின் உழைப்புக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

கோர்ணெலின் ‘மேர்லின்’ செயலி 2021 முதல், கைபேசியில் கேட்கும் குரலுக்குரிய பறவையின் பெயரைச் சொல்கிறது. பலரும் அதனை இயந்திரத்தின் கெட்டித்தனம் என்று வியக்கிறார்கள். மனிதர்கள் பதிவுசெய்து, இன்ன விநாடியில் இன்ன பறவை என்று காதால் கேட்டுக் குறித்துவைத்த ஒலிகளிலிருந்தே இயந்திரம் கற்றது. செலவைக் குறைக்க வேண்டும் என்று முகாமைத்துவம் முடிவெடுத்தால் முதலில் வெளியேற்றப்படுபவர்களும் இத்தகையவர்களே. ஒப்புநோக்காளர்கள் இல்லாமற்போன பத்திரிகை அலுவலகங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சற்று வன்மையாகவே சொல்கிறேன். பிழைகள் உடனே தெரிவதில்லை. அதனால் அவர்கள் தேவையில்லை என்ற எண்ணம் நிலைத்துவிடுகிறது.

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் கதை என்று எவரும் கருதவேண்டாம். 1995 இல் கித்துல்கலைக் காட்டில், தீபால் வரகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர் தமக்கு அறிமுகமில்லாத ஒரு குரலை இரவில் கேட்டார். இலங்கைப் பறவைகளின் குரல்களைத் தேடித்தேடிப் பதிவுசெய்தவர் அவர். அந்தப் பழக்கம் இருந்ததனாலேயே, அது தமக்குத் தெரிந்த எந்தப் பறவையின் குரலும் அல்ல என்று அவரால் உணர முடிந்தது. குரலுக்குரியதைக் கண்ணால் காண 2001 ஆம் ஆண்டுவரை, சிங்கராஜ வனத்தில், அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. செம்பழுப்பு நிறமான ஒரு சிறிய ஆந்தை! விஞ்ஞான உலகம் அதுவரை அறியாத அந்த இனத்தை அவரும் பமீலா ரஸ்முசனும் 2004 இல் முறைப்படி விபரித்தனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் இலங்கையில் கண்டறியப்பட்ட புதிய பறவையினம் அதுவாகும்.