களப்பயிற்சிக்கு எல்லைக்கோடு எதற்கு?

புதுதில்லி: சுகாதாரம், சமூகப் பணி ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களைத் தொண்டு நிறுவனங்களுக்குக் களப்பயிற்சிக்கு அனுப்புவது நம் நாட்டில் புதிதல்ல. சமூகப் பணிக்கென மும்பையில் 1936-லும், சென்னையில் 1952-லும் கல்விக்கூடங்கள் தொடங்கப்பட்ட காலந்தொட்டே களப்பணி பாடத்திட்டத்தின் அங்கமாக இருந்து வருகிறது. ஆனால், அந்தப் பயிற்சியால் யாருக்குப் பயன் என்ற கேள்வி மட்டும் உரிய கவனம் பெறவில்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சியை அடுத்த எல்லையில் உள்ள மீனாட்சிபுரம் இந்தக் கேள்விக்கு உரைகல். நிர்வாகம் மலையாளத்தில் நடக்கிறது. வீட்டுக்குள் தமிழ் பேசுவோர் ஏராளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால், நோயாளியின் படுக்கையருகே கடிதத்துக்கு வேலையில்லை. அங்கே பேச்சுதான் மருந்து.

வலி தணிப்புச் சிகிச்சையில் கேரளம் முன்னோடி என்பதை மறுப்பதற்கில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய முயற்சி மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலமும் கேரளமே. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். எல்லைக்கு இப்பால் தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" இதே பணியைச் செய்கிறது. இரு திட்டங்களும் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகின்றன.

எல்லைப்புறச் செவிலியர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதல்ல வாதம். மாத்திரையை எப்போது விழுங்குவது என்று சொல்வதற்கான மொழியறிவு வேறு, "எனக்குப் பின் இந்தப் பிள்ளைகளுக்கு யார்?" என்று படுக்கையில் இருப்பவர் கேட்கும்போது பதில் சொல்வதற்கான மொழியறிவு வேறு. நாளொன்றுக்குப் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டிய செவிலியருக்கு அதற்கு நேரமும் இருப்பதில்லை. மாணவர் ஒருவர் உதவக்கூடிய இடம் இதுதான்.

தமிழகக் கல்லூரி மாணவர் ஒருவரும் கேரளக் கல்லூரி மாணவர் ஒருவரும் இணைந்து ஒரே தொண்டு அமைப்பில் பயிற்சி பெறட்டும். முன்னவர் நோயாளியின் குறையைக் கேட்டறிவார். பின்னவர் ஓய்வூதிய விண்ணப்பத்தையும் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மனுவையும் மலையாளத்தில் எழுதி அலுவலகத்தில் சேர்ப்பார். இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பர். பெரும் செலவு பிடிக்கும் யோசனையல்ல இது.

சில வாரங்களில் திரும்பிவிடும் மாணவரால் நோயாளிக்கு ஏமாற்றமே மிஞ்சும் என்ற ஆட்சேபம் நியாயமானது. பல இடங்களில் மாணவர்கள் சம்பளமில்லா ஊழியர்களாக நடத்தப்படுகின்றனர். புகைப்படம் எடுத்து, கையொப்பம் வாங்கி, அறிக்கை சமர்ப்பிப்பதோடு பயிற்சி முடிந்துவிடுவதும் உண்டு. அதனாலேயே விதிமுறை தேவைப்படுகிறது. அனுபவம் வாய்ந்த மேற்பார்வையாளர் இல்லாத அமைப்புக்கு மாணவரை அனுப்பக் கூடாது. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்தளவைத் தீர்மானிப்பதும் மாணவர் வேலையல்ல. ஒருவர் விடைபெறும் முன், அடுத்து வருபவரை அதே வீட்டுக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும்.

இதற்கான வாய்ப்பு தில்லியில் இருக்கிறது. நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறைப் பணிகள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவச் சமூகப் பணியாளர்களும் இடம்பெற்றுள்ளனர். சுகாதாரத் தொழில்முறைப் பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். இதனைச் செயல்படுத்துவதில் ஏற்பட்ட தாமதம் காரணமாக, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க நேர்ந்தது.

மணிக்கணக்கை நிர்ணயிக்கும் ஆணையம், அந்த மணிகள் எங்கே, யாருடைய மேற்பார்வையில், எந்த மொழியில் கழிய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அண்டை மாநிலத் தொண்டு அமைப்பில் பெற்ற பயிற்சியும் தடையின்றி ஏற்கப்பட வேண்டும். தமிழக, கேரள அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு மீனாட்சிபுரத்திலேயே இதைத் தொடங்கலாம்.

ஆற்று நீருக்காக இரு மாநிலங்களும் தில்லியின் கதவைத் தட்டாத ஆண்டில்லை. நோயாளியின் துயருக்காகவும் ஒருமுறை சேர்ந்து தட்டினால் என்ன?