நரம்பு கூறும் விடை

மூக்குக் கண்ணாடி வாங்கச் செல்பவரிடம், "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே வில்லையைத் தெரிவு செய்கின்றனர். விடை கூற ஆளிருக்கும் வரை இம்முறையிற் குறையில்லை. ஆயின், பிறவியிலேயே செவிப்புலன் இழந்த, ஒரு வயதும் நிரம்பாத மகவிடம், "இந்த ஒலி போதுமா, மிகுதியா?" என்று யார் வினவுவது? ஒலி யாதென்பதையே அது அறியாதே!

கொக்கிளியர் இம்பிளான்ற் எனப்படும் உட்செவிக் கருவியைப் பற்றி நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். காதின் பின்னே அணியும் பகுதி ஒலியை மின்குறிகளாக மாற்றி, தோலினூடே வானொலி அலைகளாக உள்ளே அனுப்பும். உள்ளே, நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவியினுள் செலுத்தப்பட்ட மெல்லிய இழையில் 12 முதல் 22 வரையான மின்வாய்கள் உள. அவை செவி நரம்பை நேரே தூண்டுகின்றன.

சத்திர சிகிச்சையோடு யாவும் முடிந்ததெனப் பலர் எண்ணுவர். நுட்பமான வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. ஒவ்வொரு மின்வாய்க்கும் இரண்டு எல்லைகளை வகுத்தல் வேண்டும். மெல்லெனக் கேட்கத் தொடங்கும் மின்னளவு ஒன்று. உரத்து, ஆயினும் துன்பமின்றிக் கேட்கும் மின்னளவு மற்றொன்று. மேலெல்லை தாழ்ந்திருப்பின் பேச்சு மங்கும். மொழி பயிலும் ஆண்டுகள் வீணே கழியும். மிகுந்திருப்பின் குழந்தை வெருண்டு கருவியைப் பிடுங்கி எறியும். பின்னர் அதனை மீண்டும் அணிவிப்பது பெற்றோருக்குப் பெரும்பாடு.

1978இல் மெல்போர்ண் நகரில் பேராசிரியர் கிறேயம் கிளார்க் தமது கருவியை முதன்முதலிற் பொருத்தியது றொட் சோண்டர்ஸ் என்னும் வளர்ந்த மனிதருக்கு. அவர் முன்பு கேட்டுப் பழகியவர். உணர்ந்ததை வாயாற் கூற வல்லவர். 'கடவுள் மகாராணியைக் காப்பாராக' என்ற கீதத்தின் இசையைக் கருவி வழியே செலுத்தியபோது அவர் எழுந்து நின்றாராம். அதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ? ஐக்கிய அமெரிக்காவில் 1990இல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும், 2020இல் ஒன்பது மாத மகவுக்கும் அனுமதி கிடைத்தது. இத்தகையோரிடம் வினாவை வேறு வழியிற் கேட்க வேண்டியதாயிற்று.

வழியொன்றை 1990இல் ஐயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு மின்வாயினாற் தூண்ட, நரம்பு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்குள் மறுமொழி தருகிறது. ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு கூற்றினால் அளக்கவேண்டிய சின்னஞ்சிறு துடிப்பு அது. பின்னர் வந்த கருவிகள், அயலிலுள்ள மின்வாயினால் அத்துடிப்பைத் தாமே பதிந்து வெளியே அனுப்ப வல்லனவாயின. குழந்தை மயக்கத்திற் கிடந்தாலும் அளக்கலாம்.

இனி யாவும் எளிது என்று ஆய்வாளர் மகிழ்ந்திருப்பர். ஆயின், நரம்பு மறுமொழி கூறத் தொடங்கும் அளவு கீழெல்லையும் அன்று, மேலெல்லையும் அன்று. இரண்டுக்கும் இடையே எங்கோ நிற்கிறது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறி. காரணமும் உண்டு. இச்சோதனையில் துடிப்புகள் மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். நாளாந்தப் பயன்பாட்டிலோ செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் விரைகின்றன. மூளை அவற்றைக் கூட்டி உணர்கிறது. ஆகவே இவ்வளவீடு மலைத்தொடரின் வடிவத்தை வரைந்து காட்டும். அது கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கூறாது. எந்த மின்வாய்க்குக் கூட, எதற்குக் குறைய என்பதை அறிய அது போதும். உயரத்தை வேறு வழியாற் காண வேண்டும்.

அதற்கு உதவுவது ஒரு தசை. செவிப்பறைக்குப் பின்னுள்ள மூன்று எலும்புகளுள் அங்கவடி போன்றது, மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதனைப் பற்றி நிற்கும் தசை, உரத்த ஒலி எழுந்ததும் இரு காதிலும் தானே இறுகும். கருவியினாற் தூண்டி, மறு காதில் வைத்த மெல்லிய முனையால் இவ்விறுக்கத்தை அளப்பர். அது தோன்றும் மின்னளவு, மேலெல்லைக்கு நெருங்கி நிற்கிறது. இம்முறைக்கு உரிய மதிப்பை எல்லோரும் அளிப்பதில்லை என்பதே எமது கருத்து. இதிலும் இடர் உண்டு. நடுச்செவியில் நீர் கோத்தாற் காண இயலாது, சிலரிடம் தோன்றுவதேயில்லை, குழந்தையும் அசையாதிருத்தல் வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையை அசையாதிருக்கச் செய்தவர் எவரோ!

எனவே தேர்ந்த நிபுணர் இவ்வளவீடுகளைத் தொடக்கமாக மட்டும் கொள்வர். தாழ்ந்த அளவில் தொடங்கி, நாட்செல்ல உயர்த்துவர். அப்போது மடியிலிருக்கும் குழந்தையின் முகத்தையே கவனிப்பர்: பால் குடிப்பது ஒரு கணம் நின்றதா, இமை துடித்ததா, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததா? வீட்டில், சட்டி மூடி விழுந்தபோது திரும்பியதா அழுததா, பெயர் சொல்லி அழைக்க நிமிர்ந்ததா என்று தாய் கொப்பியில் குறித்து வந்தால், அடுத்த முறை கணினித் திரையிலுள்ள கோட்டோடு அதனையும் ஒப்பிட்டே நிபுணர் எல்லைகளைத் திருத்துவர்.