தொலைவிலிருந்து தொழில்: சித்தூரும் திருப்பதியும்

அலுவலகத்துக்குச் செல்லாமல், கணினியும் இணையத் தொடர்பும் கொண்டு, இருக்கும் இடத்திலிருந்தே உத்தியோகம் பார்க்கும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நிலையான வீடு வைத்துக்கொள்ளாமல் ஊர் ஊராகத் தங்கி இவ்வாறு தொழில் செய்வோரை ‘டிஜிட்டல் நாடோடிகள்’ என்கிறார்கள். நாடோடி என்றால் மனம்போன போக்கில் அலைபவன் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லும் நாடோடி புல்லும் நீரும் உள்ள வழியைப் பற்றியே செல்கிறான். புதிய நாடோடிக்கு மின்சாரமும் இணையமும் அவ்விதமே இன்றியமையாதவை. இவை சரிவர இல்லாத ஊரில் அவனால் ஒரு நாள்கூடத் தொழில் நடத்த இயலாது. ஆகவே, தொலைவு ஒழிந்துவிட்டாலும் இடத்தின் தேவை ஒழியவில்லை என்பதே இங்கு நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இம்முறையைப் பற்றிய சிந்தனை புதியதன்று. புவியுடன் ஒத்துச் சுழலும் துணைக்கோள்கள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956ல் இலங்கையில் குடியேறினார். ஒருவர் பாலித் தீவில் இருந்துகொண்டே, லண்டனில் இருப்பதுபோலத் தம் அலுவலை நடத்தும் காலம் வரும் என்று 1964ல் அவர் தொலைக்காட்சியில் கூறினார். பின்னர் 1983ல், கொழும்பிலிருந்து கணினியும் தொலைபேசிக் கம்பியும் கொண்டு, அமெரிக்காவிலிருந்த திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹையம்ஸுடன் தாமே அவ்வாறு பணியாற்றிக் காட்டினார். ஊழியரை வேலைக்கு அழைப்பதற்குப் பதிலாக வேலையை ஊழியரிடம் அனுப்பினால் நகரப் போக்குவரத்து நெரிசல் குறையும் என்பதை 1973 முதல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் ஆராய்ந்தார்.

நம் நாட்டில் பெரும்பாலோர் இம்முறையை நேரில் கண்டது 2020ல், கொள்ளை நோய்க்காக ஊரடங்கு விதிக்கப்பட்டபோதுதான். சித்தூர் நகரிலிருந்து சென்னையும் பெங்களூரும் 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளன. படித்த இளைஞர்கள் இவ்விரு நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்வது இப்பகுதியில் நெடுநாள் வழக்கம். அவ்வாறு சென்றவர்கள் அவ்வாண்டில் தம் ஊர்களுக்குத் திரும்பி, பெற்றோர் வீட்டிலிருந்தே பணியைத் தொடர்ந்தனர். வேலையைத் தொலைவிலிருந்து செய்யக் கூடும் என்பது அப்போது தெளிவாயிற்று. எல்லா ஊரிலிருந்தும் செய்யக் கூடாது என்பதும் தெளிவாயிற்று.

இதன் விஞ்ஞானக் காரணம் எளியது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. திருப்பதியிலிருந்து சென்னையை அடைய அதற்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும். 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள் வழியே சென்றாலோ, ஏறி இறங்குவதற்கே ஏறக்குறைய கால் வினாடி ஆகிறது. ஆகவே இழை வந்துவிட்ட ஊருக்குத் தொலைவு ஒரு தடையன்று. இடையூறு பெரும்பாலும் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் உள்ளது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழை வராதிருக்கலாம். மின்சாரம் நின்றவுடன் வீட்டிலுள்ள கருவியும் நின்றுவிடலாம். ஒரே செல்போன் கோபுரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதால் மாலையில் வேகம் குறையலாம். மேலும், திரைப்படம் பார்ப்பவருக்குச் செய்தி வந்து சேரும் வேகம் போதும். பணி செய்பவருக்கு இங்கிருந்து அனுப்பும் வேகமும் வேண்டும்.

இவ்வுண்மைக்குத் திருப்பதி–சித்தூர் சாலையிலுள்ள காதங்கி நல்ல உதாரணம். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய ராடார், 1024 யாகி ஆன்டெனாக்களுடன் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் செலுத்தி, மேற்காற்றுகளை அளந்து வருகிறது. அதன் அளவீடுகளை வேறு ஊரில் அமர்ந்தும் ஆராயலாம். ஆனால் ஆன்டெனாக்களைக் காத்துப் பழுதுபார்ப்பவர் அங்கேயே இருந்தாக வேண்டும். தொலைவிலிருந்து நடக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் பின்னால் இப்படி ஓரிடத்தில் நின்று உழைப்பவர் ஒருவர் இருக்கிறார்.

நிற்க. இம்முறையால் முதலில் பயன் பெற வேண்டியவர் யார்? விரும்பிய கடற்கரையில் தங்கக்கூடிய வசதியுள்ளவர் எவ்வாறேனும் தம் வழியைத் தேடிக்கொள்வார். பட்டம் பெற்றும், குழந்தைகளையோ முதியோரையோ விட்டு நகருக்குச் செல்ல இயலாத பெண்களும், பிரயாணம் செய்ய இயலாத உடற்குறை உள்ளவர்களும்தாம் முதலில் பயன் பெற வேண்டும். இப்பகுதி மக்களிடம் வேறொரு செல்வமும் உண்டு. தெலுங்கும் தமிழும் ஒருங்கே அறிந்தவர்கள் இங்கு ஏராளம். மொழிபெயர்ப்பு, திரைப்பட வசன எழுத்து, வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதிலளித்தல் ஆகிய பணிகளுக்கு இத்திறமை மிகவும் உதவும்.

அரசாங்கத்தின் விதிகளும் மாறியுள்ளன. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் தன் விதிகளைத் தளர்த்தியதால், தொலைபேசிச் சேவைப் பணிகளை வீட்டிலிருந்து செய்வதற்கு இருந்த தடைகள் பல நீங்கின. இம்முறையைப் பெரிய அளவில், முக்கியமாகப் பெண்களுக்காக, விரிவாக்கத் திட்டமிடுவதாக ஆந்திரப் பிரதேச முதலமைச்சர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார்.

எனினும், வீட்டிலிருந்தே வேலை என்பதால் பெண்ணின் சுமை இரட்டிப்பாகும் என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். அது நியாயமான ஆட்சேபமே. அடுப்படிக்கும் கணினிக்கும் இடையே நாள் முழுவதும் ஓடுபவருக்கு ஓய்வு ஏது? வேலை நேரத்துக்கு எல்லையும் இராது. இதற்குப் பரிகாரம், நடந்து செல்லும் தூரத்தில் ஒரு பொதுப் பணியறை அமைப்பதே. நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஓர் அறை, தடையற்ற மின்சாரத்துக்கு பாட்டரிகள், ஒரு நல்ல இழைத் தொடர்பு, அருகில் குழந்தைகள் காப்பகம் ஆகியவை இருந்தால், வீட்டுக்கு வீடு செய்யும் செலவில் சிறு பங்கிலேயே காரியம் முடியும்.

களப்பணியாளர்களும் உபாத்தியாயர்களும் இதில் செய்யக்கூடியவை பல. காலை, நண்பகல், மாலை என மும்முறை இணையத்தின் வேகத்தை, அனுப்பும் வேகம் உட்பட, ஒரு மாதம் அளந்து குறித்து வரலாம், மின்தடைகளையும் குறிக்கலாம். உயர் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் இல்லை. கையில் எண்கள் இருந்தால் மேலதிகாரிகளிடம் வசதி கேட்பதும் எளிதாகும். தொலைவிலிருந்து செய்யும் பணி பெரும்பாலும் எழுத்தாலேயே நடப்பதால், தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்ட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை தருவதாகக் கூறி முன்பணம் பறிக்கும் மோசடிக்காரர்களைப் பற்றியும் எச்சரிப்பது அவசியம். நேர்மையான எந்த நிறுவனமும் வேலை தருவதற்கு விண்ணப்பிப்பவரிடம் பணம் கேட்பதில்லை.

ஊரைவிட்டுப் போவதோ ஊரிலேயே இருப்பதோ அவரவர் விருப்பம். வசதி இல்லாத காரணத்தால் மட்டும் ஒருவர் ஊரைவிட்டுப் போக நேர்வதும், அதே காரணத்தால் ஒரு பட்டதாரிப் பெண் வேலையின்றி வீட்டில் இருக்க நேர்வதும் விருப்பத்தால் விளைவன அல்ல. அவ்விரண்டையும் மாற்றும் கருவி இன்று நம் கையில் உள்ளது. அதற்குரிய இடத்தை ஒவ்வொரு கிராமத்திலும் அமைத்துத் தருவது நம் கடமையாகும்.