பழைய மலைப்பாதை வீணா?

வியத்நாமில் ஹுவே, டா நாங் நகரங்களுக்கு இடையே மலைத்தொடர் ஒன்று கடல்வரை நீள்கிறது. அதைக் கடக்கும் ஹாய் வான் கணவாயின் உயரம் சுமார் 500 மீட்டர். 2005-இல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப்பாதை திறந்தார்கள். பெரும்பாலான லாரிகள் அதற்கு மாறின. இனி வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை எதற்கு?

மாணவர்களே, சுரங்கத்தினுள் சைக்கிளுக்கு அனுமதியில்லை. மலைமேல் அந்த வளைவுகள்தாம் சைக்கிள் பயணிக்குத் துணை. அவை ஒரு சாய்தளமே. சுமார் 10 கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏற்றம். அதாவது 20 மீட்டருக்கு 1 மீட்டர். உயரம் ஏறச் செய்யும் வேலை குறைவதில்லை. மிதிக்க வேண்டிய விசைதான் குறைகிறது. கடலைப் பார்த்தபடி மெல்ல ஏறிவிடலாம்.

எங்கு சுரங்கம் திறந்தாலும் பழைய சாலையைப் புதர் மூட விடலாகாது. அதைச் செப்பனிட்டுச் சைக்கிளுக்குக் கொடுப்பதே நியாயம்.